அமிலத்தில் போட்ட சால்மோனெல்லா: மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன?

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். என் ப்ராஜெக்ட், அமில நெருக்கடியில் சால்மோனெல்லா பாக்டீரியாவின் மரபணு வெளிப்பாடு, அதாவது எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்பது. இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன், அதனால்தான் இங்கே வந்தேன்.

எல்பி என்ற வளர்ப்பு மீடியத்தில் வளர்த்து, செல்கள் பெருகியதைக் கலங்கலை வைத்துக் காட்டும் ஓடி 0.4 வந்ததும் இரண்டு குடுவைகளாகப் பிரித்தேன். ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச்சை 5.8-க்கு இறக்கி, செல்கள் ஒருமுறை இரட்டிக்கும்வரை விட்டேன். மற்றது 7-லேயே இருந்தது. அதன்பின் இரண்டும் பிஎச் 3.3-ல் ஒரு மணி நேரம்.

மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. நேராக 3.3-ல் போட்ட செல்களின் பிளேட்டில் நான்கே நான்கு காலனி. 5.8-ல் பழகியவற்றின் பிளேட்டில், அதே நீர்த்தலில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணவே முடியாத அளவு. ஒரே ஸ்ட்ரெயின் (கிருமியின் உள்வகை), ஒரே நாள், ஒரே அமிலம். இடையில் ஒரு தலைமுறை நேரம், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு மரபணுவின் ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் க்யூபிசிஆர் என்னைக் கைவிட்டுவிட்டது. 3.3-ல் ஒரு மணி நேரம் இருந்த செல்களிலிருந்து ஆர்என்ஏ எடுத்து, ஃபோபி, ஓஎம்பி-ஆர், ஆர்பிஓ-எஸ் என, மற்ற மரபணுக்களை நடத்தும் மூன்று மரபணுக்களைப் பார்த்தேன். ஃபோபி ஒருமுறை நன்றாக ஏறுகிறது, அடுத்த முறை அசைவதில்லை. ஆர்பிஓ-எஸ்தான் அமிலத் தாங்குதிறனுக்குத் தலைமை என்று படித்தேன். அது ஒருமுறைகூட ஏறவில்லை. மிதமான அமிலம் பாக்டீரியாவுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது? கற்றுக்கொண்டது என் ஆர்என்ஏவில் ஏன் தெரியவில்லை?

இரட்டைச்சுருள்

தங்கச்சி, அந்த பிளேட் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். ஜான் ஃபாஸ்டரும் ஹாலி ஹாலும் 1990-ல் வெளியிட்டதும் ஏறத்தாழ இதே சோதனைதான். பிஎச் 5.8-ல் ஒரு தலைமுறை இருந்த சால்மோனெல்லா 3.3-ஐத் தாங்குகிறது, நேராகப் போட்டது செத்துவிடுகிறது என்று காட்டினார்கள். அமிலத் தாங்குமறுவினை என்ற பேச்சே அங்கிருந்துதான் வருகிறது. எனவே உன் கை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. சிக்கல் நீ ஆர்என்ஏ எடுத்த நேரத்தில் இருக்கிறது.

முதலில் அளவைப் பார். பிஎச் மடக்கை அளவுகோல். 7-லிருந்து 3.3-க்கு இறங்கினால் வெளியே ஹைட்ரஜன் அயனிச் செறிவு சுமார் 5,000 மடங்கு ஏறுகிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது? ஒரு ஈ. கோலை செல்லின் கன அளவு சுமார் ஒரு ஃபெம்டோலிட்டர். உள் பிஎச் 7.6 என்று வைத்துக் கணக்குப் போட்டால், மிதந்து திரியும் புரோட்டான்கள் 15 தேறும். ஆயிரமோ லட்சமோ இல்லை, 15. நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ பூஜ்யம் விட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தேன். உள்ளே இருக்கும் புரதங்களும் பாஸ்பேட்டும் வருகிற புரோட்டான்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் செல் உடனே சாவதில்லை. அந்தத் தாங்கலும் தீர்ந்தால் நொதிகள் வடிவம் குலையும், டிஎன்ஏ பியூரின்களை இழக்கும்.

இனி உன் கேள்வி. 3.3-ல் சால்மோனெல்லா புதிதாகப் புரதம் செய்வது ஏறக்குறைய நின்றுபோகிறது. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவது எப்படி? காப்பாற்றும் புரதங்கள் அதற்கு முன்பே, செல் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, வந்து நின்றிருக்க வேண்டும். பிஎச் 5.8-ல் ஒரு தொகுதி எழுகிறது. இன்னும் இறங்கி 4.5-க்குக் கீழே போனால் இன்னொரு தொகுதி. அமில அதிர்ச்சிப் புரதங்கள் என்று ஏறத்தாழ 50 எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் ஒரு பகுதியை ஆர்பிஓ-எஸ்ஸும் ஒரு பகுதியை ஃபோபியும் ஒரு பகுதியை இரும்பைக் கவனிக்கும் ஃபர் புரதமும் நடத்துகின்றன.

நீ 3.3-ல் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த ஆர்என்ஏ, போர் முடிந்த களத்தில் எடுத்த படம். ஈ. கோலையின் தூது ஆர்என்ஏக்களில் பெரும்பாலானவற்றின் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், 3 முதல் 8 நிமிடம். சால்மோனெல்லாவும் அதன் நெருங்கிய உறவுதான். நீ பார்க்க வேண்டிய ஏற்றம் எப்போதோ வந்து போயிருக்கும். செத்த செல்களின் ஆர்என்ஏ வேறு கலந்திருக்கும்.

ஆர்பிஓ-எஸ் ஏன் அசையவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். நன்றாக வளரும் செல்லிலும் அந்த ஆர்என்ஏ இருக்கிறது, புரதமும் உருவாகிறது. ஆனால் கிளிப்-எக்ஸ்பி என்ற புரதச் சிதைப்பான் அதைச் சில நிமிடங்களில் தின்று தீர்க்கிறது. அமிலம் வந்ததும் அந்தத் தின்னல் நிற்கிறது, ஆர்பிஓ-எஸ் குவிகிறது. க்யூபிசிஆர் ஆர்என்ஏவை மட்டும் எண்ணும். மாற்றம் நடந்தது அதற்கு அடுத்த படியில். புரதத்தையே பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் போட்டால்தான் தெரியும்.

நான்கு விவரம் வேண்டும். எந்த ஸ்ட்ரெயின்? ஆர்என்ஏவை நிலைநிறுத்தும் கரைசலில் உடனே போட்டாயா, சென்ட்ரிஃபியூஜில் சுற்றிய பிறகா? மாறாது என்று நம்பி ஒப்பிட எடுத்த ரெஃபரன்ஸ் ஜீன் எது? ஒரு மணி நேரம் கழித்து பிஎச்சை மறுபடி அளந்தாயா?

எறும்புப்புற்று

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன், ஆய்வுக்கூடப் பழக்கம் குறைவு. பிள்ளைகள் என்னிடம் கேட்பதையே இங்கே கேட்கிறேன். பழகிய செல்களில் திடீர்மாற்றம் நடந்து, அமிலத்தைத் தாங்கும் வகை மட்டும் மிஞ்சியது என்று ஏன் சொல்லக் கூடாது? எதிர்ப்புமருந்து விஷயத்தில் அப்படித்தானே நடத்துகிறோம்?

இரட்டைச்சுருள்

நல்ல கேள்வி ஐயா. இரண்டு காரணங்களால் சொல்ல முடியாது. 5.8-ல் எந்தச் செல்லும் சாவதில்லை, எனவே அங்கே வடிகட்டல் நடக்கவில்லை. ஒரே ஒரு இரட்டிப்புக்குள் திடீர்மாற்றம் அடைந்த வகை தொகை முழுவதையும் பிடித்துவிடவும் முடியாது. இன்னும் நேரடியான சோதனையும் உண்டு. 3.3-ல் பிழைத்த காலனியை எடுத்து 7-ல் சில தலைமுறை வளர்த்து, பழக்காமல் மறுபடி 3.3-ல் போட்டால் பழையபடி சாகும். எழுத்து மாறவில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்து வாசிப்பது என்பதுதான் மாறியது.

நிலாமுற்றம்

அண்ணா, ஸ்ட்ரெயின் எல்டி2. 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, வீழ்படிவை எடுத்து, பிறகுதான் ஆர்என்ஏ கிட். ரெஃபரன்ஸ் 16எஸ் (ரைபோசோமின் ஆர்என்ஏ) மட்டும். பிஎச்சை மறுபடி அளக்கவில்லை. எழுதும்போதே தப்பு எங்கெங்கே என்று எனக்கே தெரிகிறது. ஆனால் எல்டி2-வில் என்ன பிரச்சினை? எல்லா புத்தகத்திலும் அதுதானே வருகிறது?

இரட்டைச்சுருள்

எல்டி2 மரபியலுக்குத் தங்கம். இந்தக் கேள்விக்கு மட்டும் பொருந்தாது. அதன் ஆர்பிஓ-எஸ் மரபணு ஏயூஜி என்று தொடங்க வேண்டிய இடத்தில் யூயூஜி என்று தொடங்குகிறது. ஒரே ஒரு எழுத்து. ரைபோசோம் அந்தத் தொடக்கத்தைச் சரியாகப் பிடிக்காததால் புரதம் குறைவாக உருவாகிறது. எல்டி2 எலிகளில் நோயுண்டாக்கத் திணறுவதற்குக் காரணம் இதுதான் என்று 1990-களில் கண்டுபிடித்தார்கள். அமிலத் தாங்குதிறனும் அப்படியே: வீரியமுள்ள ஸ்ட்ரெயினில் நீடிக்கிறது, எல்டி2-வில் சிறிது நேரம் எழுந்து அடங்கிவிடுகிறது. உன் ஃபோபி ஒருநாள் ஏறி ஒருநாள் ஏறாததற்கு இதைக் காரணம் சொல்ல மாட்டேன், அது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிட சென்ட்ரிஃபியூஜ். பத்து நிமிடம் என்பது ஆர்என்ஏவுக்கு இரண்டு அரைவாழ்வு.

16எஸ் பற்றி: தூது ஆர்என்ஏவோடு ஒப்பிட முடியாத அளவு மிகுதியாக இருக்கும், வளர்ச்சி வேகத்தோடு அதுவும் மாறும். அமிலத்தில் வளர்ச்சி குறைகிறது. அளவுகோலே சுருங்கும்போது அதை வைத்து எதை அளப்பது? குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று ரெஃபரன்ஸ் ஜீன்கள், அவை அசையவில்லை என்று முதலில் காட்டிவிட்டு. 2009-ல் வந்த க்யூபிசிஆர் நெறிமுறைகளும் இதைத்தான் வலியுறுத்துகின்றன.

வலசை

நான் மருத்துவர், தொற்றுநோய்ப் பிரிவு. இந்த இழையில் எனக்கு ஆர்வம் தொற்று அளவில். சீதபேதிக் கிருமியான ஷிகெல்லா 10 முதல் 100 செல்கள் போனாலே நோய் வருகிறது. ஈ. கோலை ஓ157-க்கும் நூற்றுக்குக் கீழே போதும். சால்மோனெல்லாவுக்குப் பெரும்பாலும் லட்சக்கணக்கில் வேண்டும். காலராவுக்கு, வெறும் வயிற்று அமிலத்தைத் தாண்ட, கோடிக்கணக்கில். காலராக் கிருமியைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், கூடவே சோடியம் பைகார்பனேட் கொடுத்து அமிலத்தை ஒடுக்கியபோது தேவையான அளவு பல மடங்கு இறங்கிவிட்டது. வயிற்றின் பிஎச் 1.5 முதல் 3.5. அது ஒரு சுவர், உண்மையிலேயே சுவர். அமிலச் சுரப்பை அடக்கும் மாத்திரையை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் தொற்று வாய்ப்பு கூடுவதும் இதனால்தான்.

என் சந்தேகம்: ஷிகெல்லாவும் ஈ. கோலையும் சால்மோனெல்லாவின் நெருங்கிய உறவுகள். அவை மட்டும் இந்தச் சுவரை இவ்வளவு எளிதாக எப்படித் தாண்டுகின்றன?

உப்பங்கழி

டாக்டர், இது நான் ஆறு வருடமாகச் செய்யும் வேலை. கொஞ்சம் நீட்டிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈ. கோலையிடம் குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தை வைத்து அமிலத்தைத் தாங்கும் முறை இருக்கிறது, சால்மோனெல்லா டைஃபிமூரியத்திடம் அது இல்லை. தமிழில் எழுதும்போது இரண்டு மரபணுக் குடும்பங்களின் பெயரும் ஒரே மாதிரி ஒலித்துக் குழப்பும், அதனால் எழுத்தாகப் பிரிக்கிறேன். ஜிஏடி என்றால் குளூட்டமேட், சிஏடி என்றால் லைசின்.

ஜிஏடி-ஏ, ஜிஏடி-பி இரண்டும் நொதிகள். குளூட்டமேட்டிலிருந்து கார்பன்-டை-ஆக்சைடைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் உள்ளே புகுந்த ஒரு புரோட்டானை வைத்து மூடுகின்றன. கிடைப்பது காபா, நம் மூளையில் நரம்புச் செய்தியை அடக்கும் அதே காபா. ஜிஏடி-சி என்ற சவ்வுப் புரதம் அந்தக் காபாவை வெளியே தள்ளி, அதே வாயில் வழியாக அடுத்த குளூட்டமேட்டை உள்ளே எடுக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு புரோட்டான் செலவு. பிஎச் 2-க்கு அருகில் மணிக்கணக்கில் தாங்குவது இப்படித்தான்.

மரபணு வெளிப்பாடு கதையில் பாதிதான் என்பது இங்கே கண்ணெதிரே தெரியும். வளர்ச்சி நின்ற கட்டத்துக்கு வந்த ஈ. கோலை, வெளியே அமிலமே இல்லாவிட்டாலும் ஆர்பிஓ-எஸ் வழியாக ஜிஏடி மரபணுக்களைத் திறந்து புரதத்தைச் செய்து வைத்திருக்கிறது. ஆனால் நடுநிலை பிஎச்சில் ஜிஏடி-பி நொதியின் வால் அதன் வினையிடத்தையே அடைத்துக்கொள்கிறது. ஜிஏடி-சி வாயிலிலும் ஒரு அடைப்பு இருக்கிறது. உள்ளே பிஎச் இறங்கியதும் இரண்டு அடைப்பும் விலகுகின்றன. புதிய மரபணு எதுவும் திறக்க வேண்டியதில்லை. அமிலமே சாவி.

எச்டிஇ-ஏ இன்னும் அழகு. சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளியில் இருக்கும் சின்னப் புரதம். நடுநிலையில் இரண்டிரண்டாகக் கைகோத்து சும்மா இருக்கும். பிஎச் 3-க்குக் கீழே மற்ற புரதங்கள் வடிவம் குலைந்து கட்டிதட்டத் தொடங்கும்போது, இதுவும் தன் வடிவத்தைத் தளர்த்திக்கொண்டு தனித்தனியாகப் பிரிந்து, குலைந்த புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. எல்லாப் புரதத்துக்கும் சாவான நிலை இதற்கு மட்டும் வேலை தொடங்கும் நேரம்.

நிலாமுற்றம், உன் அமில வகையையும் கவனி. ஹைட்ரோகுளோரிக் முழுதும் பிரிந்துவிடும். அசெட்டிக் அமிலத்தின் பிகேஏ (அது பாதி பிரிந்திருக்கும் பிஎச்) 4.76, பிஎச் 3.3-ல் அதில் சுமார் 97 சதவீதம் பிரியாமலே இருக்கும், அப்படியே சவ்வைத் தாண்டி உள்ளே போய் அங்கே பிரியும். மீட்டர் ஒரே எண்ணைக் காட்டினாலும் செல்லுக்கு இரண்டும் வேறு வேறு அனுபவம். இரண்டு ஆய்வுக்கட்டுரைகளின் மரபணுப் பட்டியல் ஒத்துவரவில்லை என்றால் முதலில் எந்த அமிலம் என்று பார்.

ஆழிமுகம்

இதுவரை எல்லோரும் அமிலத்தை எதிரியாக மட்டுமே பேசுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் கிருமிகளை விழுங்கும் நம் காவல் செல்களான மேக்ரோபேஜ் செல்களுக்குள் சால்மோனெல்லாவைப் பார்ப்பவன். அங்கே அமிலம் பாக்டீரியாவுக்கு முகவரி.

மேக்ரோபேஜ் கிருமியை விழுங்கியதும் அதைச் சுற்றி ஒரு பை உருவாகும். ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பையின் பிஎச் 5-க்கு அருகில் இறங்கிவிடும். பாக்டீரியாவின் ஃபோக்யூ உணர்வி இதைப் பிடித்து ஃபோபியை எழுப்புகிறது. குடல் சுவரைத் துளைத்து நுழைய உதவிய எஸ்பிஐ-1 மரபணுத் தொகுதி அடக்கப்படுகிறது, நுழைந்த பிறகு அது எதற்கு? கசையிழை மரபணுக்களும் அடங்குகின்றன. கசையிழைப் புரதத்தை மேக்ரோபேஜின் உள்ளுணர்விகள் கண்டுகொள்ளும் என்பதால், ஒளிந்து வாழ நினைப்பவனுக்கு அது ஆபத்து. இன்னொரு பக்கம் எஸ்பிஐ-2 திறக்கிறது, பைக்குள் இருந்துகொண்டே வெளியே புரதங்களைச் செலுத்தும் ஊசி அமைப்பு அது. பையை அமிலமாக்கும் பம்பை பாஃபிலோமைசின் கொடுத்து நிறுத்தினால் சால்மோனெல்லா நன்றாக வாழ வேண்டும் அல்லவா? மாறாக, அதன் பிழைப்பு குறைகிறது. அமிலம் இல்லாமல் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை.

ஹோல்டன் குழு 2010-ல் காட்டியது இன்னும் ஒருபடி மேலே. பையின் அமிலத்தில் ஊசி கட்டி முடிகிறது, ஆனால் உள்ளிருக்கும் ஆயுதப் புரதங்கள் கிளம்புவதில்லை. ஊசியின் முனை பையின் சுவரைத் தாண்டி மேக்ரோபேஜின் நடுநிலைத் திரவத்தைத் தொட்டதும், பிஎச் 7.2-ஐ உணர்ந்து, பூட்டு கழன்று புரதங்கள் பாய்கின்றன. கட்டுவதற்கு அமிலம், செலுத்துவதற்கு நடுநிலை.

காசநோய்க் கிருமியும் இப்படித்தான். மேக்ரோபேஜுக்குள் அது மாற்றிக்கொள்ளும் மரபணுக்களில் பெரும்பங்கு, பை அமிலமாவதைத் தடுத்தால் மாறுவதே இல்லை. அதன் ஃபோபி-ஆர் உணர்வியில் ஒரு புள்ளி மாற்றம், வீரியமற்ற எச்37ஆர்ஏ ஸ்ட்ரெயினின் அடையாளங்களில் ஒன்று.

வலசை

ஆழிமுகம், முகவரி என்ற சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அதை ஒட்டாதீர்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி வயிற்றிலேயே குடியிருக்கிறது, அமிலம் அதற்கு அன்றாடம். அது யூரியேஸ் நொதியைக் குவித்து வைத்திருக்கிறது. பிஎச் இறங்கினால் யூரிஐ என்ற கால்வாய் திறந்து யூரியா உள்ளே வருகிறது, அம்மோனியா உண்டாகி அமிலத்தை ஒடுக்குகிறது. ஆர்ஸ்-ஆர்எஸ் உணர்வி யூரியேஸ் மரபணுக்களையும் கூட்டிக் குறைக்கிறது. அங்கே இது தினசரிக் குடித்தனம்.

இன்னொன்று, காசநோய் மருந்தான பைராசினமைடு ஆய்வுக்கூடத்தில் அமில மீடியத்தில்தான் சரியாக வேலை செய்யும், 1950-களிலேயே தெரிந்தது. நடுநிலை மீடியத்தில் மட்டும் சோதித்திருந்தால் அந்த மருந்தைத் தூக்கிப் போட்டிருப்போம். நோயாளிக்குள் கிருமி எந்த பிஎச்சில் இருக்கிறது என்பதை மருத்துவர்களான நாங்கள் போதிய அளவு யோசிப்பதில்லை. இது என் மனக்குறை.

உப்பங்கழி

முகவரி வாதத்துக்கு ஆதரவாக ஒன்று. லைசின் முறையான சிஏடி-ஏ ஈ. கோலையில் இருக்கிறது, ஷிகெல்லாவில் இல்லை. ஈ. கோலையின் குடும்பத்திலிருந்து பிரிந்து வந்த ஷிகெல்லா, அமிலத்தைத் தாங்க உதவும் ஒரு மரபணுவை இழந்தது ஏன்? 1998-ல் மாரெல்லி குழுவினர் அந்த மரபணுவை ஷிகெல்லாவுக்குத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். வீரியம் குறைந்தது. லைசினிலிருந்து உருவாகும் கடாவரின் ஷிகெல்லாவின் குடல்நச்சைத் தடுத்துவிடுகிறது. குளூட்டமேட் முறை கையில் இருந்ததால் இதை விட்டுவிட முடிந்தது. எந்த மரபணுவை எங்கே அடக்குவது என்ற கேள்வியின் உச்சம் இது, ஒரேயடியாக அழித்துவிடுவது.

எறும்புப்புற்று

வகுப்பில் இனி பதினைந்து புரோட்டான் கணக்கோடுதான் தொடங்கப் போகிறேன். நன்றி.

நிலாமுற்றம் (மூன்று வாரம் கழித்து)

மன்னிக்கவும், தாமதமாகிவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன்.

பிஎச்சை அளந்தேன். 5.8-ல் தொடங்கிய குடுவை ஒரு மணி நேரத்தில் தானாக மேலே போயிருந்தது. எல்பியில் அமினோ அமிலங்களைத் தின்று பாக்டீரியாவே மீடியத்தை மாற்றுகிறது. பிஎச்சை அசையாமல் பிடிக்கும் எம்இஎஸ் பஃபர் சேர்த்த பிறகு நின்றது. ஆர்என்ஏவை 5.8-க்கு இறக்கியபின் 5, 15, 30, 60 நிமிடத்தில், நிலைநிறுத்தும் கரைசலில் நேராக ஊற்றி எடுத்தேன். ரெஃபரன்ஸ் ஜீன் மூன்று. இப்போது ஃபோபி மூன்று முறையும் ஒரே மாதிரி ஏறுகிறது, உச்சம் 15 நிமிடத்தில், 60-ல் பாதிக்கு மேல் இறங்கிவிடுகிறது. நான் இரண்டு மாதமாக 60-க்கும் பிறகுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வீரியமுள்ள ஸ்ட்ரெயின் ஒன்றும் அனுமதியோடு கிடைத்தது. பெராக்சைடை உடைத்து நுரைக்கச் செய்யும் நொதியையும் ஆர்பிஓ-எஸ் நடத்துகிறது; அது வேலை செய்கிறதா என்று பார்க்க, இரவு முழுக்க வளர்ந்த இரண்டு திட்டுகள் மீதும் ஒவ்வொரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டேன். புதியது உடனே நுரைத்துப் பொங்கியது. எல்டி2-வில் சில குமிழிகள் மெதுவாக எழுந்து நின்றன. இவ்வளவு நாள் படித்த யூயூஜி அந்தச் சொட்டில் கண்ணுக்குத் தெரிந்தது. அமிலத்திலும் அதே வேறுபாடு: முதல் அரைமணி இரண்டும் சமம், அதன்பின் எல்டி2 சரிகிறது, மற்றது நிற்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஃபர் இல்லாத ஸ்ட்ரெயின் அமிலத்தில் பலவீனமாக இருக்கிறது. மீடியத்தில் இரும்பைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன், எந்த வேறுபாடும் இல்லை. இரும்பைக் கவனிக்கும் புரதம் இரும்பு இல்லாமல் எப்படி இதில் வருகிறது?

இரட்டைச்சுருள்

நீ சரியாகத்தான் பார்த்திருக்கிறாய். ஃபர் புரதத்தின் அமில வேலையும் இரும்பு வேலையும் தனித்தனி என்று ஹாலும் ஃபாஸ்டரும் 1996-ல் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். இரும்பை உணர முடியாத ஃபர் மாற்றவகையும் அமிலத்தில் தன் வேலையைச் செய்தது. உன் இரும்புச் சோதனையை ஆய்வேட்டில் தனிப் படமாகவே போடு, பின்னிணைப்பில் ஒளித்துவிடாதே. பெராக்சைடு சொட்டின் படம் எடுத்திருந்தால் இங்கேயும் போடு.